காளைக்கு அடித்த வாழ்த்துப் போஸ்டர்

ஹம்சவேணி கை வைத்தால் ஊசி ஏறியதே தெரியாது என்று சிம்மக்கல் பக்கத்தில் அவளுக்குப் பேர். அங்கே ஒரு மாடியில் இருந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியனாகப் பல வருஷம் இருந்தாள். நரம்பு அகப்படாத கிழவர்களும் ஊசியைக் கண்டதும் அலறுகிற பிள்ளைகளும் வந்தால் டாக்டர் அவளைத்தான் கூப்பிடுவார். ஊர், உறவு, நேற்று வைத்த குழம்பு என்று ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். பேச்சு முடியும்போது சிரிஞ்சு நிறைந்திருக்கும்.

தெற்குவாசல் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவள். வீட்டில் ஒரு பாஷை, வெளியே ஒரு பாஷை என்று வளர்ந்தவளுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் வரும். கடுங்கோபம் வந்தால் மட்டும் தமிழ் நின்றுவிடும். கணவர் ராமமூர்த்திக்குத் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் மேற்பார்வை வேலை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துபோவார். பிள்ளைகள் இல்லை. விளாங்குடியில் ஹாலாஸ்யம் என்கிற வங்கி அதிகாரியின் வீட்டு மாடியில் அவள் குடியிருந்தாள். கீழே ஹாலாஸ்யமும், அவர் மனைவியும், ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த மகள் ராஜஸ்ரீயும்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் அது. கைப்பேசி அப்போதுதான் எல்லார் கைக்கும் வந்திருந்தது. ராமமூர்த்தி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். தினமும் வேலை முடிந்து அவர் கூப்பிடுவார். சாப்பிட்டாயா, கதவைப் பூட்டினாயா என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் அந்தப் பேச்சு இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது. அந்த நம்பர் அவருக்கும், அவள் அக்காவுக்கும், டாக்டருக்கும், கீழ் வீட்டுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆடி மாதத்தில் முதல் அழைப்பு வந்தது.

"வேணிங்களா?" என்றது ஓர் ஆண்குரல்.

"நீங்க யாரு?"

"சும்மா பேசலாம்னுதான். வீட்டுக்காரர் திருப்பூர்ல இருக்காராமே. தனியா எப்படி இருக்கீங்க?"

அவள் துண்டித்தாள். மறுநாள் இன்னொருவன். அதற்கடுத்த நாள் இரண்டு பேர். சிலர் பேசவே மாட்டார்கள்; மூச்சு மட்டும் கேட்கும். சிலர் பேசினார்கள். பேசியதை அவள் யாரிடமும் திருப்பிச் சொன்னதில்லை. போன் மணி அடித்தால் அதைத் தலையணைக்கு அடியில் திணிக்கத் தொடங்கினாள். பேர் தெரிகிறது, கணவர் ஊர் தெரிகிறது, மாடியில் தனியாக இருப்பதும் தெரிகிறது. பஸ்ஸில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருப்பவன் முகத்தைப் பார்த்தால்கூட இவனாக இருக்குமோ என்று தோன்றியது.

ஒருநாள் தாங்க முடியாமல், அடிக்கடி கூப்பிடுகிற ஒருவனைத் திட்டித் தீர்த்துவிட்டாள். அவன் சிரித்தான். "இரு, உம் புருஷன்கிட்டயே பேசுறேன்" என்றான். வெறும் மிரட்டல் என்று நினைத்தாள். அவனிடம் ராமமூர்த்தியின் நம்பரும் இருந்தது.

வாரத்தின் நடுவில், சொல்லாமல் கொள்ளாமல் ராமமூர்த்தி வந்து நின்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "போனைக் குடு" என்றார். கொடுத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, வந்த அழைப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"யாரு வேணி இவங்க எல்லாம்?"

"தெரியாதுங்க. ஆடியிலிருந்து இப்படித்தான்."

"தெரியாதவன் இத்தனை தடவை கூப்பிடுவானா? என் நம்பர் அவனுக்கு எப்படிக் கிடைச்சது? நீ குடுக்காம?"

பதினைந்து வருஷம் கூட வாழ்ந்தவர் அப்படிக் கேட்பார் என்று அவள் நினைத்ததே இல்லை. அவர் அலமாரியைத் திறந்து பார்க்கவில்லை, கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. ஆனால் கண் அங்கெல்லாம் போய்வந்தது. அதை அவள் பார்த்தாள். "இந்தச் சனியனைத் தூக்கிப் போடு. நம்பரை மாத்து" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார். அவருக்குப் போட்ட காபி ஆறிக்கொண்டிருந்தது.

எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டிருந்த ஏட்டும் தலை நிமிராமல் சொன்னார்: "நம்பரை மாத்திட்டு நிம்மதியா இரும்மா. இதுக்கெல்லாம் கேஸ் போட்டா எங்களுக்கு வேற வேலையே ஓடாது." அக்காவும் அதைத்தான் சொன்னாள். நம்பரை மாற்றுவது பெரிய காரியம் இல்லை. ஆனால் தன் நம்பரை இத்தனை பேருக்கு விற்றவன் யார் என்று தெரியாமல் புது நம்பர் வாங்கினால் அதையும் அவன் விற்பான். அதுவும் போக, அவள் ஓடி ஒளிய, அவன் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குவதா? எவனோ ஒருவனால் தன் கணவரின் கண் தன் வீட்டு அலமாரியைத் துழாவியது. அவனுக்கு அதற்கான கூலியைக் கொடுக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

அந்த வாரத்திலேயே கீழ் வீட்டில் ஓர் அழுகைச் சத்தம். ராஜஸ்ரீக்கும் அதே மாதிரி அழைப்புகள். ஹாலாஸ்யம் தற்செயலாகப் போனை எடுத்துக் காதில் வைத்திருக்கிறார். எதிர்முனையில் பேசியதைக் கேட்டதும் மகளின் கல்லூரிப் பையைப் பிடுங்கிப் பரணில் வைத்துவிட்டார். "ரெண்டு பஸ் மாறி ஒத்தக்கடைக்குப் போய்ப் படிச்சதெல்லாம் போறும்" என்று சொல்லிவிட்டாராம். ராஜஸ்ரீ மாடிக்கு வந்து, "நான் யார்ட்டயும் நம்பர் குடுக்கலை மாமி. அப்பா நம்பமாட்டேங்கறா" என்று அழுதாள்.

ஹம்சவேணி அவளை அழவிட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்: "நீ எங்கே ரீசார்ஜ் பண்ணுவே?"

"நம்ம ஸ்டாப் பக்கத்துல. காளை அண்ணன் கடையில."

ஹம்சவேணியும் அங்கேதான் செய்வாள். பஸ் நிறுத்தத்தை ஒட்டி இருந்த சின்னக் கடை. காளை எல்லாப் பெண்களையும் அக்கா என்று கூப்பிடுவான், நிமிர்ந்து முகத்தைக்கூடப் பார்க்கமாட்டான். "உக்காருங்கக்கா, சர்வர் டவுனு" என்று ஸ்டூலைத் தள்ளுவான். பேரையும் நம்பரையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்வான். பொங்கலுக்கு வாடிக்கைக்காரர்களுக்குக் காலண்டர் கொடுப்பான். அதில் கைகூப்பியபடி அவன் படம் இருக்கும். கணவரின் திருப்பூர் நம்பருக்கும் சில நாள் அவள்தான் அங்கே பணம் ஏற்றியிருக்கிறாள். "அண்ணன் அங்கிட்டேதான் இருக்காராக்கா?" என்று அவன் கேட்டதும், ஆமாம் என்று இவள் சொன்னதும் இப்போது நினைவுக்கு வந்தது.

ஆனாலும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒருவனைக் குற்றம் சொல்ல அவள் தயாராக இல்லை. பரிசோதனை நிலையத்தில் சந்தேகத்துக்கு ரிப்போர்ட் எழுதுவதில்லை. டவுன்ஹால் ரோட்டில் ஒரு புது சிம் வாங்கினாள். பழைய போன் ஒன்றில் போட்டு வைத்தாள். அந்த நம்பரை ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒரு வாரம் போன் வாய் திறக்கவில்லை. பிறகு சிம்மக்கல்லில் ஒரு கடையில் அதற்கு ரீசார்ஜ் செய்தாள். இன்னொரு வாரம், ஓர் அழைப்பும் இல்லை. அதற்குப் பிறகுதான் காளை கடைக்குப் போனாள்.

நம்பரைச் சொன்னதும் அவன் பட்டனை அழுத்திக்கொண்டே கேட்டான்: "புது நம்பராட்டம் இருக்கேக்கா. யாருக்கு?"

"எங்க சொந்தக்காரப் பொண்ணு. வேலை தேடி வந்திருக்கு. ஸ்வப்னான்னு பேரு."

"தனியாவா வந்திருக்கு?"

"ஆமா. ஹாஸ்டல்ல இருக்கு."

"சரிங்கக்கா. ஏறிருச்சு, பாத்துக்கங்க."

ஸ்வப்னா என்று ஒருத்தி இந்த உலகத்தில் அவளுக்குச் சொந்தமாக இல்லை. மறுநாள் மதியம், பரிசோதனை நிலையத்தில் கண்ணாடிக் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பழைய போன் முதன்முதலாக அடித்தது.

"ஸ்வப்னாவா? ஹாஸ்டல் சாப்பாடு எப்படி இருக்கு?"

ஹம்சவேணி கையிலிருந்த குழாயை அதன் இடத்தில் வைத்தாள். அப்படி ஒரு நிதானம் அவளுக்கு அதுவரை வந்ததில்லை. குரலை மென்மையாக்கிக்கொண்டாள். "நீங்க யாருன்னு தெரியலையே. என் நம்பர் எப்படிக் கிடைச்சுச்சு?"

"கிடைக்க வேண்டிய எடத்துல கிடைக்கும்."

"சொன்னாத்தான் பேசுவேன்."

அவன் கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டு சொல்லிவிட்டான். "விளாங்குடியில நம்ம காளை அண்ணன் இருக்காப்ல. புதுசா எது வந்தாலும் மொதல்ல எனக்குத்தான் சொல்லுவாப்ல. காசு வாங்கிக்கிருவாரு, ஆனா பொய் நம்பர் தரமாட்டாரு."

அடுத்த பத்து நாளும் அவள் ஸ்வப்னாவாக இருந்தாள். கூப்பிட்ட ஒவ்வொருவனிடமும் அதே கேள்வியைக் கேட்டாள். ஒருவன் பாக்கியில்லாமல் எல்லாரும் காளை பேரைச் சொன்னார்கள். அவர்கள் நம்பர்கள் எல்லாம் போனிலேயே நின்றன. ராஜஸ்ரீயின் போனில் இருந்தவற்றையும் தன் பழைய நம்பருக்கு வந்தவற்றையும் அவற்றோடு ஒத்துப் பார்த்தாள். பெரும்பாலும் அதே ஆட்கள்தான்.

இதற்கிடையில்தான் காளையின் மனைவி அவள் கைக்கு வந்தாள்.

செல்லக்கிளிக்கு அது ஏழாம் மாதம். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு மாமியாருடன் பரிசோதனை நிலையத்துக்கு வந்திருந்தாள். ஹம்சவேணியை அவளுக்குத் தெரியாது. முன்பக்க மேசையில் பேர், வயது, கணவர் பேர், ஊர், செல் நம்பர் என்று எல்லாவற்றையும் சொன்னாள். காளை, விளாங்குடி என்றதும் உள்ளே பஞ்சை எடுத்துக்கொண்டிருந்த ஹம்சவேணியின் கை நின்றது.

செல்லக்கிளியின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். பச்சை நரம்பு எளிதாகக் கிடைத்தது. அன்றைக்கு மட்டும் அவள் பேச்சுக் கொடுக்கவில்லை. ரத்தத்தை எடுத்தாள், பஞ்சை வைத்து அழுத்தினாள், "மடக்கி வச்சுக்கங்க" என்றாள். செல்லக்கிளி, "வலிக்கவே இல்லக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள்.

மதியம் மேசையில் ஆள் இல்லாதபோது அந்தச் செல் நம்பரை ஹம்சவேணி பார்த்துவைத்துக்கொண்டாள். யோசிக்க எதுவுமே இருக்கவில்லை. ஸ்வப்னாவாகப் பேசி, "இந்த நம்பர்ல தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க இருக்காங்க, கூப்பிடுங்க, வீட்டுக்காரர் எப்பவும் கடையிலதான் இருப்பாரு" என்று அத்தனை பேருக்கும் சொன்னால் போதும். காளையின் வீட்டிலும் போன் அடிக்கும். அவனும் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் வந்து, போனைக் குடு என்பான். அவன் கண்ணும் அலமாரிக்குப் போகும். அதை நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பெல்லாம் இனித்தது. குறுஞ்செய்தியாக அந்த நம்பரை அடித்தும் வைத்துவிட்டாள். அனுப்புகிற பட்டன் மட்டும்தான் பாக்கி.

அனுப்பவில்லை. நல்ல மனசு தடுத்தது என்று சொன்னால் அது பொய். யோசித்துப் பார்த்தபோது அது காளைக்கு வலிக்காது என்று தெரிந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரி அழுவாள், பயப்படுவாள், மாமியாரிடம் பேச்சு வாங்குவாள். காளை அன்று சாயங்காலமே அவளுக்கு வேறு சிம் போட்டுக் கொடுத்துவிடுவான். அவனிடம் சிம் ஒரு பெட்டி நிறைய இருந்தது. தான் பட்ட அத்தனையையும் இன்னொருத்தி படுவாள், அவன் கல்லாவில் உட்கார்ந்தபடியே இருப்பான். அது என்ன பழிவாங்கல்? செய்தியை அழித்தாள். அழித்த பிறகுதான், ஒரு நோயாளி நம்பிச் சொன்ன நம்பரை மேசையிலிருந்து எவ்வளவு சுலபமாக எடுத்தோம் என்பது உறைத்தது. அதற்காக வெட்கப்பட அன்றைக்கு அவளுக்கு நேரமில்லை.

அவனுக்கு எங்கே வலிக்கும் என்று யோசித்தாள். அந்தக் கைகூப்பிய படத்தில்தான் வலிக்கும்.

மதுரையில் காது குத்துக்கும் போஸ்டர், கல்யாணத்துக்கும் போஸ்டர், செத்தாலும் போஸ்டர். தெற்குமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அச்சகம் வைத்திருந்த கருப்பு அண்ணனை அவளுக்குத் தெரியும். அவர் சர்க்கரை நோய்க்கு மாதாமாதம் ரத்தம் எடுப்பவள் அவள்தான். தீபாவளிக்குப் புடவை எடுக்க வைத்திருந்த பணத்தையும் காளை கொடுத்த காலண்டரையும் எடுத்துக்கொண்டு போனாள். என்ன வேண்டும் என்று சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முழுக்கக் கேட்டார்.

"அடிச்சுருவேன் தாயி. ஆனா அச்சாபீஸ் பேரு கீழ போட்டாகணும். நாளைக்கு எவனாவது வந்து நிப்பான். வெளியிடுறவுக பேருன்னு யாரைப் போட?"

"என் பேரைப் போடுங்கண்ணே."

"வீட்டுக்காரர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறியா?"

"அவர்கிட்ட கேக்க எனக்கு ஒண்ணுமில்ல."

கருப்பு அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் கொடுத்த நம்பர் பட்டியலைப் பார்த்தார். "அந்த நம்பர் எல்லாம் உண்மைதானா? ஒண்ணு மாறிப்போனாலும் பாவம்."

"ஒவ்வொண்ணையும் நானே கூப்பிட்டுப் பேசிச் சரிபாத்துட்டேன்."

"அப்பச் சரி. எம்பொண்ணுக்கும் ஒரு போன் வாங்கிக் குடுத்திருக்கேன். கூலி வேணாம், பேப்பர் காசு மட்டும் குடு. ஒட்ட ஆளு நானே அனுப்புறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது விளாங்குடி பஸ் நிறுத்தம் முதல் திண்டுக்கல் ரோடு நெடுகச் சுவர்களில் காளை கைகூப்பிக்கொண்டிருந்தான். மஞ்சள் காகிதத்தில் சிவப்பு எழுத்து. பிறந்தநாள் வாழ்த்து மாதிரியே இருந்தது.

"நம்பி நம்பர் சொன்ன பெண்களை நாலு பேருக்கு விற்கும் விளாங்குடியின் வள்ளல், செல் கடை அதிபர் அண்ணன் காளை அவர்களின் தொழில் மென்மேலும் வளர வாழ்த்தும் அன்பு வாடிக்கையாளர்கள்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. படத்துக்கு அடியில் காளையின் சொந்த நம்பர். வழக்கமாக மாமன் மச்சான் பேர்கள் வரிசையாக வருகிற இடத்தில், கூப்பிட்டுத் தொல்லை கொடுத்த அத்தனை பேரின் நம்பர்கள். அடியில், "வெளியிடுபவர்: விற்கப்பட்டவர்களில் ஒருத்தி, ஹம்சவேணி, விளாங்குடி."

அவள் அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டிருந்தாள். காளை கடை திறக்க வருகிற நேரத்துக்கு நிறுத்தத்தில் போய் நின்றாள். அவள் வருவதற்கு முன்பே அங்கே கூட்டம். பூக்காரி வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்தவர்கள் சொன்னார்கள். காளை வண்டியை நிறுத்திவிட்டு, யாருக்கோ போஸ்டர் என்று சிரித்த முகத்தோடு கிட்டே வந்தான். தன் படத்தைப் பார்த்தான். படித்தான். சிரிப்பு எப்போது போனது என்று அவனுக்கே தெரிந்திருக்காது. நகத்தால் கிழிக்கப் பார்த்தான். கருப்பு அண்ணனின் பசை கெட்டி. மூக்கும் ஒரு காதும்தான் வந்தன.

அவன் போன் அடித்தது. எடுத்தான். யாரோ ஒரு பெண் ஏதோ கேட்டாள் போலிருக்கிறது, வைத்துவிட்டான். மறுபடி அடித்தது. மறுபடி. நிறுத்தத்தில் இருந்தவர்களே சிலர் அவன் முகத்தைப் பார்த்தபடி அந்த நம்பரை அடித்துக்கொண்டிருந்தார்கள். அது எப்படி இருக்கும் என்று ஹம்சவேணிக்குத் தெரியும். நன்றாக அடிக்கட்டும் என்று நின்று பார்த்தாள்.

அப்போதுதான் ஹாலாஸ்யம் வந்தார். பால் வாங்கப் போனவர், வழியில் படித்திருக்கிறார். ஒருநாளும் தெருவில் குரல் உயர்த்தாத மனிதர். பால் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

"என் பொண்ணு நம்பரை எவ்வளவுக்குக் குடுத்தேள்?"

"சாமி, அதெல்லாம் பொய்யி. யாரோ வேணும்னே..."

"எவ்வளவுக்குன்னு கேட்டேன்."

காளை வண்டிப் பக்கம் நழுவப் பார்த்தான். ஹாலாஸ்யம் அடிக்கவில்லை. பூக்காரிதான் அடித்தாள், அவளுக்கும் ஒரு மகள் இருந்தாள். பிறகு யார் யாரோ. அவன் சாவியைப் பிடுங்கி யாரோ கடையைத் திறந்தார்கள், ஸ்டூல் ரோட்டுக்கு வந்தது, கண்ணாடி உடைந்தது. ஹம்சவேணி ஒரு கையும் வைக்கவில்லை, ஒருவரையும் தடுக்கவுமில்லை.

மத்தியானத்துக்குள், தலை நிமிராத அதே ஏட்டு ஜீப்பில் வந்து இறங்கினார். இந்தத் தடவை தலை நிமிர்ந்திருந்தது. புகார் எழுதித் தரச் சொன்னார். அவளோடு ராஜஸ்ரீயும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் எழுதிக் கொடுத்தார்கள். காளையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். போஸ்டரில் நம்பர் வந்தவர்கள் பாடும் திண்டாட்டம்தான். ஒருவன் வீட்டில் அவன் தங்கச்சியே அந்த நம்பரைப் படித்துவிட்டாளாம். இன்னொருவன் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் முதலாளி கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். கேட்கும்போதெல்லாம் ஹம்சவேணி, "அப்படியா" என்று மட்டும் சொல்லிக்கொண்டாள். அன்று இரவு வயிறாரச் சாப்பிட்டாள்.

ஜாமீனில் வந்த காளை ஒருநாள் சாயங்காலம் மாடிப்படி ஏறி வந்தான். கூடச் செல்லக்கிளி. ஏறிய மூச்சு வாங்கிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

"அக்கா, புகாரை வாபஸ் வாங்கிருங்க. இல்லைன்னா மானநஷ்டக் கேசு போடுவேன். வக்கீல்ட்டப் பேசியாச்சு."

"போடு. என் பேரு, ஊரு எல்லாம் போஸ்டர்லயே இருக்கு. உனக்குத் தேடுற சிரமம் இருக்காது."

செல்லக்கிளி ஹம்சவேணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க ரத்தம் எடுத்தவுகதான?" என்றாள். பிறகு, "என் செல் நம்பரும் உங்க கையில இருந்துச்சு. அதை ஏன் போஸ்டர்ல போடல?" என்று கேட்டாள்.

"போஸ்டர்ல போட நினைக்கல. அவனுங்களுக்கு அனுப்பலாம்னு எழுதி வச்சேன். அப்புறம் அழிச்சுட்டேன். இவன் பண்ணதுக்கு நீ அழுது இவனுக்கு என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன்."

செல்லக்கிளி சுவரிலிருந்து கையை எடுத்தாள். கணவன் பக்கம் திரும்பி, "ஆத்தா வீட்டுக்குப் போறேன். வண்டியை எடு" என்றாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "வண்டியை எடுன்னேன்" என்று படியில் இறங்கத் தொடங்கிவிட்டாள். பிள்ளை பிறந்தும் வெகுநாள் அவள் திரும்பி வரவில்லை என்று பூக்காரி சொல்லித்தான் ஹம்சவேணிக்குத் தெரியும்.

ராமமூர்த்தி ஞாயிற்றுக்கிழமை வந்தார். போஸ்டர் ஒன்று இன்னும் பாதி கிழிந்து நிறுத்தத்தில் இருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். தட்டின் முன்னால் உட்கார்ந்து, "நல்லாத்தான் செஞ்சிருக்கே வேணி. அன்னைக்கு நான் ஏதோ கோபத்துல..." என்று இழுத்தார்.

"சாப்பிடுங்க" என்றாள்.

கிளம்பும்போது, "பழைய நம்பர் போகமாட்டேங்குதே. புது நம்பர் என்ன?" என்று கேட்டார்.

"அது யார்கிட்டயும் குடுக்கறதில்ல. அவசரம்னா கீழ் வீட்டுக்குப் போன் பண்ணுங்க, ஹாலாஸ்யம் சார் வந்து சொல்லுவார்."

மார்கழி வரைக்கும் ராமமூர்த்தி கீழ் வீட்டுக்குத்தான் கூப்பிட்டார். ஹாலாஸ்யம் வாசலில் நின்று, "உங்காத்துக்காரர் லைன்ல இருக்கார்" என்று குரல் கொடுப்பார். அவள் சாவகாசமாக இறங்கிப் போவாள். ஹாலாஸ்யத்தின் கூடத்தில், எல்லார் எதிரிலும், சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். அவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாள். தை பிறந்த பிறகு ஒருநாள், அவர் கேட்காமலே நம்பரைச் சொன்னாள்.

பரிசோதனை நிலையத்தில் முன்பக்க மேசையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போடச் செய்தாள். நோயாளிகள் நம்பரைச் சத்தமாகச் சொல்லக்கூடாது, ரிப்போர்ட்டுக்குத் தேவையில்லை என்றால் கேட்கவே கூடாது என்று டாக்டரிடம் சண்டை போட்டு வாங்கினாள். அன்று அந்த மேசையில் தான் எடுத்த நம்பர் அவளுக்கு மறக்கவில்லை. ராஜஸ்ரீ கல்லூரிக்குத் திரும்பப் போனாள். கடையில் நம்பர் சொல்லாமல் சுரண்டுகிற கூப்பன் வாங்கி வீட்டிலேயே ஏற்றிக்கொள்ள அவளுக்கு ஹம்சவேணி சொல்லிக்கொடுத்தாள். ரேஷன் கார்டு நகல் எங்கே கொடுத்தாலும் எதற்காகக் கொடுக்கிறோம் என்று அதன் குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போட வைத்தாள்.

அந்த ராஜஸ்ரீதான் மறு வருஷம் ஒருநாள் வந்து சொன்னாள்: "ஒத்தக்கடை ஸ்டாப்ல புதுசா ஒரு செல் கடை மாமி. பேரு வேற. ஆனா உள்ள உக்காந்திருக்கறது அந்தக் காளைதான்."

வழக்கு அப்போதும் வாய்தாவில் இழுத்துக்கொண்டிருந்தது. ஹம்சவேணி அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கடைக்குள் போனதும் காளை எழுந்து நின்றுவிட்டான். உடம்பு இளைத்திருந்தது.

"ஒரு கூப்பன் குடு" என்றாள்.

எடுத்துக் கொடுத்தான். காசை எண்ணிப் பார்க்காமல் பெட்டியில் போட்டான். "அக்கா, பிள்ளை பொறந்திருக்கு. பொழைக்க விடுங்கக்கா" என்றான், மெல்லிய குரலில்.

அவள் கூப்பனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். எதிரே நிழற்குடையில் கல்லூரி விட்டு வந்த பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி போனைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கடையை நோக்கி ரோட்டைக் கடக்கப் பார்த்தாள். ஹம்சவேணி அவள் தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

"ஒரு நிமிஷம் இரும்மா. அந்தக் கடைக்காரன் யாருன்னு சொல்றேன்" என்று ஆரம்பித்தாள். காளை கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் ஏற வேண்டிய பஸ் வந்தது, போனது. அடுத்ததும் வந்து போனது. அவள் சொல்லி முடிக்கவில்லை.